நூலகமும் கேக்கும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எனக்கு இரண்டு பழக்கம் உண்டு. புதிதாக ஓர் இணையதளம் கண்ணில் பட்டால் அதைக் குடைந்து பார்க்காமல் தூக்கம் வராது. எங்களுக்கு வார விடுமுறையான வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் அடுப்பில் எதையாவது வைத்துச் சுடாமல் இருக்க முடியாது. சனிக்கிழமை காலையில் நூலகத் தாழ்வாரத்தில் ஒரு டப்பாவும், அறிவிப்புப் பலகையில் ஒரு தளத்தின் பெயரும் இருக்கும். இரண்டைப் பற்றியும் ஒரே கேள்விகளைப் பல பேர் கேட்கிறார்கள், பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

நூலகத்துக்கும் கேக்குக்கும் என்ன சம்பந்தம்?

ரேக்கில் பார்த்தால் ரொம்ப தூரம். புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி பகுப்பு முறையில் இணையத்துக்கு எண் 004.678, கேக்குக்கு 641.8653, நடுவில் தத்துவம், மதம், பொருளாதாரம், மொழி என்று முக்கால் நூலகமே இருக்கிறது. ஆனால் வேலை என்று பார்த்தால் இரண்டும் எனக்கு ஒன்றுதான். யாரோ எங்கேயோ எழுதி வைத்ததை எடுத்து, முதலில் நானே செய்து பார்த்து, சரியாக வந்தால் மட்டும் மற்றவர்களுக்குக் கொடுப்பது.

இந்தப் புத்தி ஆரம்பத்தில் இல்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பையன்கள் கேட்டார்களே என்று, மாதிரி வினாத்தாள் தளம் ஒன்றை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பலகையில் எழுதிப் போட்டேன். உள்ளே இருந்ததெல்லாம் மாறிப்போன பழைய பாடத்திட்டம், அதைத் திறக்கவே கைப்பேசி எண் கேட்டிருக்கிறது. எண்ணைக் கொடுத்த நாலைந்து பேருக்கு அடுத்த ஒரு மாதம் கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று ஓயாமல் அழைப்பு. "அக்கா, நீங்க எழுதிப் போட்டதாலதான் கொடுத்தோம்" என்று ஒருவன் சொன்னபோது எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்றைக்கு எடுத்த முடிவு: ஒரு தளத்தை வேறு வேறு நாளில் மூன்று முறை பயன்படுத்திப் பார்க்காமல் பலகையில் ஏற்றுவதில்லை. கேக்குக்கும் அதே கணக்குதான். மூன்றாவது முறை சுட்டதுதான் டப்பாவில் வரும், முதல் இரண்டும் என் வீட்டுக்காரர் தலையெழுத்து.

புதுத் தளங்கள் உங்களுக்கு எப்படித் தெரியவருகின்றன?

பாதிக்கு மேல் வாசகர்கள் கேட்கும் கேள்வியில் இருந்து. ஓர் அண்ணாச்சி வந்து, அவருடைய தாத்தா காலத்து நிலப் பத்திரத்தில் ஒரு சொல் புரியவில்லை என்றார். அதைத் தேடிப் போன வழியில்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றி வைத்திருப்பது எனக்குத் தெரியவந்தது. 1924-இல் அச்சாகத் தொடங்கிய அகராதி, எங்கள் கிளையில் ஒரு தொகுதிகூடக் கிடையாது, ஆனால் இப்போது அண்ணாச்சி தினமும் வந்து ஒரு சொல் பார்த்துவிட்டுப் போகிறார்.

அப்புறம் விக்கிப்பீடியா. கட்டுரையைப் படிக்கிறவர்கள் நிறைய, கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியலுக்குப் போகிறவர்கள் குறைவு. நான் அங்கேதான் முதலில் போவேன். அந்தப் பட்டியலில் ஒரே தளம் வேறு வேறு கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வந்தால், அங்கே ஏதோ சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு தளம் நம்பகமானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

யார் நடத்துகிறார்கள், கடைசியாக எப்போது எதையாவது சேர்த்தார்கள், தவறு சொன்னால் திருத்த வழி வைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான், அதையும் பார்ப்பேன். ஆனால் எனக்குப் பிடித்த முறை வேறு: விடை எனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை அந்தத் தளத்திடம் கேட்பது. இலக்கியத் தளம் என்றால் புறநானூற்றில் 267, 268 ஆகிய பாடல்களைத் தேடுவேன். அந்த இரண்டும் நமக்குக் கிடைக்கவில்லை, சுவடியிலேயே போய்விட்டன. நல்ல தளம் அதைச் சொல்லிவிட்டு 269-க்குப் போகும். அந்த இடத்தில் வேறு எதையோ போட்டு நிரப்பியிருந்தாலோ, எண்ணை இழுத்துக் கணக்கை மாற்றியிருந்தாலோ, எங்கேயோ இருந்து அள்ளிக்கொண்டு வந்து கொட்டியிருக்கிறார்கள், ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

வரலாறு, ஊர் பற்றிய தளம் என்றால் என் ஊரைத் தேடுவேன். எங்கள் ஊரில் இல்லாத ஆற்றை ஓடவிட்ட தளம்கூட உண்டு.

தமிழ்ப் புத்தகங்களை இலவசமாக, சட்டப்படி எங்கே படிக்கலாம்?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு உற்சாகமே.

முதலில் மதுரைத் திட்டம். 1998 பொங்கலை ஒட்டித் தொடங்கினார்கள், சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம்தான் இதை முன்னின்று நடத்தியவர். உலகமெங்கும் இருக்கும் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழை பார்த்து ஏற்றிய நூல்கள். தட்டச்சு செய்தது என்பதால் உள்ளே ஒரு சொல்லைத் தேடலாம், நகல் எடுக்கலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம். கண் மங்கிய பெரியவர்களுக்கு இதைத்தான் முதலில் காட்டுவேன்.

அடுத்தது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். இது பக்கம் பக்கமாக வருடிய (ஸ்கேன் செய்த) படங்கள். பழைய பதிப்பு, அதன் முன்னுரை, பின்னட்டை விளம்பரம் வரை அப்படியே இருக்கும். நான் அந்த விளம்பரங்களில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கைத் தொலைத்திருக்கிறேன். தலைவலித் தைலமும் தலைமுடித் தைலமும் விற்றிருக்கும் வேகத்தைப் பார்த்தால், அந்தக் காலத்தில் வாசகர்களுக்குத் தலையில்தான் எல்லாப் பிரச்சினையும் இருந்திருக்கும் போல.

மூன்றாவது, இலங்கைத் தமிழர்களின் ‘நூலகம்’ என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகம், 2005-இல் தொடங்கியது. புத்தகம் மட்டும் இல்லை, செய்தித்தாள், சிற்றிதழ், கோயில் மலர், நினைவு மலர், பள்ளி ஆண்டு மலர் என்று எல்லாம் இருக்கும். ஒரு பள்ளி மலரை எதற்கு இவ்வளவு பாடுபட்டுச் சேமிக்கிறார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் ஓலைச்சுவடிகளோடு சேர்ந்து சாம்பலானதைச் சொன்னேன். அவள் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை, அந்த மலரைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டுத்தான் எழுந்தாள்.

இவை போக, விக்கிப்பீடியாவின் சகோதரத் தளமான விக்கிமூலம் இருக்கிறது. அங்கே நீங்களும் உட்கார்ந்து பிழை திருத்தலாம். மத்தியான நேரத்தில் சும்மா இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களை நான் அந்தப் பக்கம் தள்ளிவிடப் பார்க்கிறேன், இதுவரை ஒருவர் விழுந்திருக்கிறார்.

சில பழைய தமிழ்த் தளங்களைத் திறந்தால் எழுத்தெல்லாம் கிறுக்கலாக வருகிறதே?

தளம் கெட்டுப்போகவில்லை. எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு குறியீடு பரவுவதற்கு முன்னால் பாமினி, திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியீட்டில் எழுதினார்கள். அந்தந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகத்தான் தெரியும். தமிழ்நாடு அரசே 2010-இல்தான் யூனிகோடை ஏற்றது. எழுத்துரு மாற்றி என்று தேடினால் இலவசமாக நிறைய கிடைக்கும், கிறுக்கலை அதில் ஒட்டி, பாமினியா திஸ்கியா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் ஏதோ ஒன்றில் தமிழ் கண் திறக்கும்.

நேற்று இருந்த பக்கம் இன்று காணோம். என்ன செய்ய?

இணைய ஆவணகத்தின் (இன்டர்நெட் ஆர்க்கைவ்) வேபேக் மெஷினில் அந்த முகவரியை ஒட்டிப் பாருங்கள். 1996-இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய அமைப்பு, இணையப் பக்கங்களை அவ்வப்போது நகல் எடுத்து வைக்கிறது. எல்லாம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், பாதி நாள் கைகொடுக்கும்.

அதற்காக அந்த ஒன்றையே நம்பியும் இருக்கக் கூடாது. 2024 அக்டோபரில் அதையே யாரோ தாக்கி, சில நாள் தளம் மூடிக் கிடந்தது. அதே ஆண்டு, பதிப்பகங்கள் போட்ட வழக்கில் மேல்முறையீட்டிலும் தோற்றது, ஐந்து லட்சம் புத்தகங்கள் வரை இரவலில் இருந்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. உங்களுக்கு நிஜமாகவே தேவையான பக்கம் என்றால் கையோடு சேமித்து வையுங்கள், தேதியும் எழுதி வையுங்கள். நான் கேக் குறிப்புகளைக் கோடு போட்ட நோட்டில் கையால் எழுதித்தான் வைத்திருக்கிறேன், சிரிக்க வேண்டாம்.

இப்போது வந்த நாவலின் பிடிஎஃப் வாட்ஸாப்பில் அனுப்ப முடியுமா?

முடியாது. இங்கே எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு முடியும்வரை பதிப்புரிமை உண்டு. 1964-இல் இறந்தவரின் எழுத்து 2025 ஜனவரி 1 அன்றுதான் பொதுவுக்கு வந்தது. இதற்கு முன்பே பொதுவுக்கு வருவது நாட்டுடைமை ஆக்கப்பட்டவை, பாரதியார் பாடல்களை 1949-இலேயே அரசு வாங்கி, பின்னர் பொதுவாக்கியது போல. புது நாவல் வேண்டுமென்றால் நூலகத்தில் கேளுங்கள், இல்லையென்றால் பதிவேட்டில் எழுதுங்கள், வாங்கித்தரச் சொல்லி மேலே அனுப்புவேன். எப்போது வரும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இணையத்தில் இருக்கிற குறிப்பை அப்படியே செய்தும் எனக்கு ஏன் கேக் சரியாக வருவதில்லை?

என் கதையைக் கேளுங்கள். ஓடிஜி என்கிற மின்சார அடுப்பு வாங்கிய புதிதில் ஓர் அமெரிக்கத் தளத்தில் வெண்ணெய் கேக் பார்த்தேன். 350 டிகிரியில் 35 நிமிடம் என்று இருந்தது. என் அடுப்பின் திருகு 250-க்கு மேல் போகாது. சரி, இருக்கிற மட்டும் வைப்போம் என்று முழுக்கத் திருகினேன். இருபதாவது நிமிடத்தில் மேலே கரி, கத்தியை விட்டால் உள்ளே மாவு. அடுப்பைத் திட்டினேன், தளத்தைத் திட்டினேன், அப்புறம்தான் உறைத்தது: அவர்கள் சொன்னது பாரன்ஹீட், என் அடுப்பில் இருப்பது செல்சியஸ். 350 பாரன்ஹீட் என்பது ஏறத்தாழ 177 செல்சியஸ். நாள் முழுக்க மற்றவர்களுக்கு "எந்த நாட்டுத் தளம், எந்த ஆண்டு" என்று பாடம் எடுக்கிற நான், கேக் விஷயத்தில் அதைப் பார்க்கவே இல்லை.

அதனால் குறிப்பைப் படிக்கும் முன் எந்த ஊர்க் குறிப்பு என்று பாருங்கள். அமெரிக்கக் குறிப்பில் ஒரு ஸ்டிக் வெண்ணெய் என்றால் 113 கிராம். ஆஸ்திரேலியக் குறிப்பில் டேபிள்ஸ்பூன் 20 மில்லி, மற்ற இடங்களில் பெரும்பாலும் 15. பிரிட்டன் குறிப்பில் செல்ஃப் ரைசிங் மாவு என்று இருந்தால் அதில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்திருக்கும், நாம் வெறும் மைதாவைப் போட்டால் தோசைக்கல் மாதிரி வரும். அமெரிக்க முட்டை ஓடு நீங்கலாக ஏறத்தாழ 50 கிராம் என்று கணக்கு, நம் வீட்டு நாட்டுக்கோழி முட்டை அதைவிடச் சின்னது, மூன்று சொன்னால் நான்கு உடைக்க வேண்டிவரும். நம்மூர்க் கடையில் சட்டென்று கிடைக்கும் பாக்கெட் வெண்ணெயில் உப்பு இருக்கும், அதைப் போட்டால் குறிப்பில் இருக்கும் உப்பை விட்டுவிடுங்கள்.

கப்பு கணக்கைவிட கிராம் கணக்கு சொல்கிற தளங்களை நான் அதிகம் நம்புகிறேன். ஒரு சின்ன எடைத் தராசு வாங்கினால் பாதிச் சண்டை தீர்ந்தது.

பேக்கிங் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றுதானே?

இல்லை. சோடா என்பது நம் ஆப்ப சோடா, அதற்குத் தயிர், எலுமிச்சை மாதிரி ஒரு புளிப்பு கிடைத்தால்தான் நுரைத்து எழும்பும். பவுடரில் அந்தப் புளிப்பும் சேர்ந்தே இருக்கும். பழைய பவுடர் வேலை செய்யுமா என்று பார்க்க, அரை டீஸ்பூனைச் சூடான தண்ணீரில் போடுங்கள். பொங்கினால் வைத்துக்கொள்ளலாம், சும்மா கிடந்தால் குப்பைக்கு. எங்கள் கடற்கரைக் காற்றுக்குத் திறந்த டப்பா சீக்கிரம் செத்துவிடும்.

எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. அப்போது?

என் வீட்டிலும் பல வருஷம் இல்லை. பழைய குக்கர் போதும். உள்ளே ஒரு விரல் உயரத்துக்குக் கல்லுப்பு பரப்புங்கள் (உப்புக்கு எங்கள் ஊரில் பஞ்சமா?), மேலே ஒரு ஸ்டாண்டு. மூடியின் ரப்பர் வளையம், வெயிட் இரண்டையும் கழற்றிவிட வேண்டும், இது கட்டாயம். தண்ணீர் ஊற்றக் கூடாது. பத்து நிமிடம் வெறும் குக்கரைச் சூடாக்கிவிட்டு, கேக் தட்டை இறக்கி, சிறு தீயில் விடுங்கள். சாதம் வைக்கும் நல்ல குக்கரை இதற்கு எடுக்காதீர்கள், தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் குக்கர் பாழாகும், வீட்டில் பேச்சும் கேட்க வேண்டிவரும். அந்த உப்பை ஆற வைத்து அடுத்த கேக்குக்கு எடுத்துக்கொள்ளலாம், குழம்பில் போடாதீர்கள்.

சனிக்கிழமை கொண்டுவரும் கருப்பட்டி கேக் எப்படிச் செய்வது?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். முட்டை கிடையாது.

உடன்குடிக் கருப்பட்டி 150 கிராமைத் தட்டி, கால் கப் தண்ணீரில் கரைய விடுங்கள். பாகு காய்ச்ச வேண்டாம், கரைந்தால் போதும். வடிகட்டாமல் விடாதீர்கள், அடியில் எப்போதும் கொஞ்சம் மண் நிற்கும். நன்றாக ஆறிய பிறகு முக்கால் கப் தயிர், அரை கப்புக்குச் சற்றுக் குறைவாக வாசனையில்லாத எண்ணெய், எல்லாவற்றையும் அடித்துக் கலக்குங்கள். வேறு பாத்திரத்தில் கோதுமை மாவு 180 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஆப்ப சோடா அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, கால் டீஸ்பூன் சுக்குத்தூள், இரண்டு ஏலக்காய் பொடித்தது. இவற்றைச் சலித்து ஈரத்தோடு சேர்த்து, மாவு மறையும்வரை மட்டும் கிளறுங்கள். இங்கேதான் நிறைய பேர் தப்பு பண்ணுகிறார்கள், பஜ்ஜி மாவு மாதிரி அடித்துக்கொண்டே இருந்தால் கேக் ரப்பராகிவிடும். எண்ணெய் தடவி மாவு தூவிய ஆறு அங்குலத் தட்டில் ஊற்றி, குக்கரில் என்றால் 40 முதல் 45 நிமிடம், ஓடிஜியில் என்றால் 170-இல் 35 நிமிடத்தில் இருந்து பார்க்க ஆரம்பியுங்கள். ஈர்க்குச்சியைக் குத்தினால் சுத்தமாக வர வேண்டும்.

அன்றைக்கே வெட்டாதீர்கள். மறுநாள்தான் கருப்பட்டி வாசனை சரியாக இறங்கியிருக்கும், நான் வெள்ளி சுட்டு சனி கொண்டுவருவது இதற்காகவும்தான். கருப்பட்டியில் சீனி கலந்திருந்தால் இனிப்பு இருக்கும், அந்தச் சுட்ட மணம் இருக்காது. விலை ரொம்ப மலிவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கேக்கை நூலகத்துக்குள் உட்கார்ந்து சாப்பிடலாமா?

கூடவே கூடாது. தாழ்வாரத்தில் சாப்பிட்டு, கை கழுவி, துடைத்துவிட்டு உள்ளே வர வேண்டும். துணுக்கு விழுந்தால் எறும்பு வரும், எறும்போடு கரப்பான் வரும், கரப்பான் அட்டையின் பசையை அரிக்கும். இராமபாணப் பூச்சி வேறு ஏற்கெனவே குடியிருக்கிறது, அதற்கு நான் விருந்து வைக்க முடியாது. வெண்ணெய்க் கறை காகிதத்தில் பட்டால் போகவே போகாது. ஆங்கில இலக்கண நூல் ஒன்றில் யாரோ வைத்த வடைக் கறை நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பிருந்தே அப்படியே இருக்கிறது.

விற்பனைக்குச் செய்து தருவீர்களா?

இல்லை. உணவு விற்க வேண்டுமென்றால் வீட்டில் செய்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும், எனக்கு அதற்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை. பிறந்தநாள் கேக் கேட்டு வரும் பெற்றோருக்குக் குறிப்பை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன். அதில் இரண்டு பேர் இப்போது என்னைவிட நன்றாகச் சுடுகிறார்கள், கொஞ்சம் பொறாமைதான்.

எனக்குக் கணினியே தொடத் தெரியாது, எழுபது வயது. என்னாலும் முடியுமா?

காலையில் கூட்டம் குறைந்த நேரமாக வாருங்கள். முதல் நாள் உங்கள் ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்வது மட்டும்தான். பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது, என்ன, எங்கள் ஊர்ப் பேச்சைச் சில நேரம் வேறு மாதிரி எழுதிவிடும். ஓர் ஆச்சி "சீனிவாசகம் கடை" என்று சொல்ல, அது சீனி விலையைக் காட்டிவிட்டது. ஆச்சி அதையும் பார்த்துக் குறித்துக்கொண்டுதான் போனார்.

தூத்துக்குடிக்காரராக இருந்துகொண்டு ஏன் மக்ரூன் கொண்டுவருவதில்லை?

வருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பீர்கள். மக்ரூன் எங்கள் தூத்துக்குடிக்குப் பேர்போன இனிப்பு. பார்த்தால் முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப் பொடி, மூன்றே பொருள். மக்ரூன் என்ற பெயரைப் போர்த்துக்கீசியரோடு சேர்த்துத்தான் இங்கே சொல்வார்கள். வெள்ளைக்கருவில் ஒரு துளி மஞ்சள் விழுந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை நிற்காது. முந்திரியை அதிக நேரம் அரைத்தால் எண்ணெய் விட்டு நுரையை அமுக்கிவிடும். அப்புறம் சுடுவது என்பதைவிட, குறைந்த சூட்டில் வெகுநேரம் உலர்த்துவது என்றுதான் சொல்ல வேண்டும். பேக்கரிக்காரர்கள் விறகு அடுப்பின் தணிந்த சூட்டில் வைத்து எடுப்பார்கள். என் ஓடிஜி 100-க்குக் கீழே வைத்தால் அணைந்து அணைந்து எரிகிறது.

நான்கு முறை செய்தாயிற்று. முதல் முறை தட்டில் வழிந்து ஒரே அப்பளம். இரண்டாவது பழுப்பாகிப் போனது. மூன்றாவது நன்றாக வந்தது, ஆனால் அன்றைக்கு மழை, காற்றின் ஈரத்தை இழுத்துச் சாயங்காலத்துக்குள் பிசுபிசு. நான்காவது வடிவம் சரி, உள்ளே பல்லில் ஒட்டுகிறது. ஐந்தாவதை மழைக்காலம் முடிந்து தை மாதம் செய்வதாக இருக்கிறேன். அதுவரை பெரிய கடைத்தெருப் பக்கம் போனால் வாங்கிச் சாப்பிடுங்கள், எனக்கும் நூறு கிராம் சேர்த்து வாங்குங்கள்.